சுவர் இருந்தவரைக்கும் பேச்சு இருந்தது

வாரக்கணக்கில் தோண்டியாயிற்று. காவலர்களை ஏமாற்றியாயிற்று, அடியும் வாங்கியாயிற்று. சிறை மருத்துவமனைக்கு நேர் கீழே வந்து நிற்கிறார்கள். மேலே ஏறத் தடையாக இருப்பது ஒரே ஒரு பழைய இரும்புக் குழாய். அது அரித்து இற்றுப்போயிருக்க வேண்டும். அதற்கான வேலையை மைக்கேல் பல நாள் முன்பிருந்தே பார்த்து வைத்திருக்கிறான். இப்போது உடைக்கப் பார்க்கிறான், குழாய் அசையவில்லை. அது புதுக் குழாய். இடையில் யாரோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

‘பிரிசன் பிரேக்’ தொடரின் முதல் சீசனில் 13-ஆவது எபிசோடு இங்கேதான் முடிகிறது. அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இதை 2005 நவம்பர் 28-ஆம் தேதி ஒளிபரப்பியது. அடுத்த எபிசோடு வந்தது 2006 மார்ச் 20-ஆம் தேதி. சரியாகப் பதினாறு வாரம். அந்தக் குழாயை நினைத்துக்கொண்டு பதினாறு வாரம் தூங்கி எழுந்தவர்களை எனக்குத் தெரியாது. அதே குழாயை நினைத்துக்கொண்டு பதினோரு நாள் இருந்தவர்களைத் தெரியும். சில வருஷம் கழித்து, கொழிஞ்சாம்பாறையில், எங்கள் பென் டிரைவில் அதற்குமேல் இடம் இல்லை. மொபைல் கடைக்கார அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். மீதியை அவர் வந்துதான் ஏற்றித் தர வேண்டும்.

அந்தப் பதினோரு நாளில் பேசியதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை. இப்படி ஒரு தொடரைப் பார்த்தவர்கள் ஏன் அதைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள், பிறகு எந்த இடத்தில் பேச்சு வற்றுகிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எங்கள் ஊர்ப் பேச்சிலிருந்தே சொல்லலாம் என்று நினைக்கிறேன். முடிவு வரைக்கும் எல்லாமே இதில் வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் ஊர். கொழிஞ்சாம்பாறை கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. வீட்டில் கொங்குத் தமிழ், அரசு ஆபீஸில் மலையாளம், தோப்பில் இரண்டும். தொடரின் வசனம் ஆங்கிலம். சப்டைட்டில் கிடைத்தது சில எபிசோடுக்கு ஆங்கிலத்திலும் சிலவற்றுக்கு மலையாளத்திலும். தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்கு மலையாள எழுத்து தெரியும், ஆனால் திரையில் ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது. அதனால் ஒருவர் படித்துச் சொல்ல, நான்கு பேர் கேட்கிற பழக்கம் வந்தது. படிக்கிறவர் நிறுத்துவார், திருப்புவார், தனக்குப் புரியாததை மற்றவரிடம் கேட்பார். நாற்பது நிமிஷ எபிசோடு இரண்டு மணி நேரம் போகும். பேச்சு தொடர் முடிந்த பிறகு வந்ததல்ல, தொடரோடு சேர்ந்தே ஓடியது.

கதை சுருக்கம்தான். துணை ஜனாதிபதியின் சகோதரனைக் கொன்றதாக லிங்கன் பர்ரோஸுக்கு மரண தண்டனை. அவன் கொல்லவில்லை. லிங்கனின் தம்பி மைக்கேல் ஸ்கோஃபீல்டு கட்டடப் பொறியாளன். அந்தச் சிறைக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்தவன். அதை உடம்பு முழுக்கப் பச்சை குத்திக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு வங்கியைக் கொள்ளையடித்து, அண்ணன் இருக்கும் சிறைக்கே போகிறான். வெளியேற வேண்டும், அதுவும் தண்டனை நாளுக்கு முன்பு.

இந்த ஒற்றை வரிக் கதையை பால் ஷூரிங் கொண்டுபோனபோது ஃபாக்ஸ் முதலில் வேண்டாம் என்றது. ஒரு சிறையில் இருந்து தப்பிப்பதை எத்தனை எபிசோடுக்கு இழுக்க முடியும் என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம்தான். பின்னால் தொடர் பட்ட பாடெல்லாம் அந்தப் பயத்துக்குள் ஏற்கெனவே இருந்தது. ஆனால் முதல் சீசனின் பலமும் அந்தக் குறுகலில்தான் இருக்கிறது. ஒரு சுவர், ஒரு தேதி, ஒரு வரைபடம். பார்க்கிறவனுக்கு எல்லை தெரியும். எல்லை தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும்.

எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அவரவர் தொழிலை வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

அந்தக் குழாய் அரிக்கிற விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மைக்கேல் இரண்டு பொருளைக் கலந்து மருத்துவமனைக் கழிவுக் குழாயில் ஊற்றுகிறான். ஒன்று காப்பர் சல்பேட், இன்னொன்று பாஸ்பாரிக் அமிலம். இதைப் படித்துச் சொன்னதும் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “துரிசுதானே அது? துரிசை யாராச்சும் இரும்பு வாளியில கலக்குவாங்களா?”

தமிழ்நாட்டில் மயில்துத்தம் என்பதை எல்லைக்கு இந்தப் பக்கம் துரிசு என்கிறோம். தென்னையில் குருத்தழுகல் வந்தால் போர்டோ பசை தடவ வேண்டும். 100 கிராம் துரிசை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு சேர்ப்பார்கள். மண் பானை அல்லது பிளாஸ்டிக் வாளி. இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. துரிசுத் தண்ணீரில் இரும்பு கரையும், செம்பு அதன் மேல் படியும். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் இரும்பைத்தான் உபயோகிப்பார்கள். கத்தியை முக்கி எடுத்து, அதில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு இன்னும் வேண்டும் என்று அர்த்தம். வேதியியல் படிக்காத மனுஷன், அமெரிக்கத் தொடரின் ஒரு திருப்பத்தை அதன் கதாபாத்திரங்களுக்கு முன்பே புரிந்துகொண்டார். எனக்கு இன்றைக்கும் அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. டிங்கரிங் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன் மறுத்தார். பாஸ்பாரிக் அமிலத்தை அவர் துரு நீக்கியாகத் தினமும் தொடுகிறவர். தகட்டில் தடவினால் துரு போகும், கூடவே மேலே ஒரு படலம் படிந்து இரும்பைக் காக்கவும் செய்யும். பெயின்ட் அடிக்கும் முன்பு அதனால்தான் தடவுகிறார்கள். “அரிக்கிறதுக்கு ஒண்ணு ஊத்தறான், காப்பாத்தறதுக்கு ஒண்ணு ஊத்தறான். அது எப்படி?” என்றார். இரண்டும் சரியான அறிவு. தொடர் சொன்ன வேதியியல் அத்தனை சுத்தமல்ல என்பதை எங்கள் பேக்கரி வாசலிலேயே கண்டுபிடித்தோம். அதனால் தொடரின் மேல் மதிப்புக் குறையவில்லை. சண்டை போட ஒரு பொருளைக் கொடுத்ததே என்றுதான் இருந்தது.

அடுத்தது சர்க்கரை. மைக்கேல் தினமும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்காகத் தனக்குச் சர்க்கரை வியாதி என்று பொய் சொல்லி இன்சுலின் போட்டுக்கொள்கிறான். குட்டு வெளிப்படாமல் இருக்க பக்நாக் என்று ஒரு மாத்திரையை ரகசியமாக வாங்கி விழுங்குகிறான். பெரியப்பாவுக்கு இருபது வருஷ சர்க்கரை. “வியாதி இல்லாதவன் இன்சுலின் போட்டா வேர்த்துக் கொட்டும் கண்ணு. கை நடுங்கும், கண்ணு இருட்டும். மைசூர்பாகைத் தேடி ஓடணும்” என்றார். பக்நாக் என்பது நிஜத்தில் இருக்கிற வேதிப்பொருள்தான். சோதனைச்சாலையில் கொழுப்புச் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போகச் செய்ய ஆராய்ச்சியாளர்கள் அதை உபயோகித்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் விற்கிற மாத்திரை அல்ல. எழுதியவர்கள் எங்கோ தேடிப் படித்து ஒரு நிஜத் துணுக்கை எடுத்து, அதைக் கதைக்கு வேண்டிய அளவுக்கு நீட்டியிருக்கிறார்கள். முதல் சீசன் முழுக்க அவர்களுடைய வழி இதுதான். நிஜத்தில் ஒரு கால் எப்போதும் ஊன்றியிருக்கும்.

சுவரைத் துளைக்கிற எபிசோடு எங்கள் கொத்தனார் மாமாவுடையது. மைக்கேல் தன் உடம்பில் குத்தியிருக்கும் சாத்தான் முகத்தைச் சுவரில் விழவைத்து, அதன் கோடுகளைப் பிடித்துத் துளையிடும் புள்ளிகளைக் குறிக்கிறான். கருவி, முட்டை அடிக்கிற கைமிஷின். மாமா முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். “மிஷின் பொய்யி மாப்ளே. ஆனா யோசனை பொய்யில்ல. கருங்கல்லை யாரு ஒரே அடியில ஒடைக்கறாங்க? வரிசையாக் குழி எடுத்து ஆப்பு வெச்சுத் தட்டிக்கிட்டே போனமுன்னா, அதுவா வாய் தொறக்கும்.” பாலக்காட்டுப் பக்கம் கல்லுடைத்த குடும்பம் அவருடையது. கல்லை எங்கே பலவீனப்படுத்த வேண்டும் என்று தெரிந்தால் பலமே வேண்டாம் என்பது அவர் அப்பாவிடம் கேட்டது.

தொடரில் ஃபாக்ஸ் ரிவர் என்று காட்டப்படுவது இலினாய் மாநிலத்தில் நிஜமாக இருந்த ஜோலியட் சிறை. 1858-இல் திறந்து 2002-இல் மூடியது. அங்கேயே வெட்டி எடுத்த சுண்ணாம்புக் கல்லில், கைதிகளின் உழைப்பிலேயே கட்டிய மதில். கைதிகள் தங்களை அடைக்கப் போகும் கல்லைத் தாங்களே வெட்டியிருக்கிறார்கள் என்று பின்னால் மாமாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அவர் பேசவில்லை.

அதே மாநிலத்தை வைத்து ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. சித்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் பங்காளி ஒருவர் பிடித்தது இது. லிங்கனுக்கு மின்சார நாற்காலி தயாராகிறது. நிஜத்தில் இலினாய் ஆளுநர் 2000-ஆம் ஆண்டிலேயே மரண தண்டனை நிறைவேற்றுவதை நிறுத்திவைத்துவிட்டார். அதற்கும் முன்பே அங்கே மின்சார நாற்காலி போய் விஷ ஊசி வந்திருந்தது. 2011-இல் மரண தண்டனையையே எடுத்துவிட்டார்கள். கதையின் கடிகாரமே அந்த நாற்காலிதான். அதை எடுத்தால் தொடர் இல்லை. இந்தத் தவற்றை நான் மன்னித்துவிட்டேன், பங்காளி இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அந்தக் குழாய்க்கு வருவோம். பதினோரு நாளும் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். வேறு சுவர், வேறு குழாய், காவலர் உடை, சாக்கடை. யார் சொன்னதும் பலிக்கவில்லை. மீதி எபிசோடுகள் வந்தபோது தெரிந்தது, அடுத்த வழி இரும்பிலும் கல்லிலும் இல்லை. சிறை மருத்துவர் சாரா இரவில் ஒரு கதவைப் பூட்டாமல் போக வேண்டும். அவ்வளவுதான். மாதக்கணக்கில் கணக்குப் போட்டவன், கடைசியில் இன்னொருத்தியின் மனசை நம்பி நிற்கிறான். அவள் ஆளுநரின் மகள், சட்டம் தெரிந்தவள், அதனால் என்ன ஆகும் என்றும் அறிந்தவள். பூட்டாமல் போகிறாள்.

இந்த இடத்தை முதலில் சரியாகச் சொன்னது என் அக்கா. நாங்களெல்லாம் குழாயையும் துளையையும் பேசிக்கொண்டிருந்தபோது அவள், “நீங்க பூட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அவ கையில சாவி இருந்தத யாரும் பாக்கல” என்றாள். குழாயை மாற்றியது வெறும் திடுக்கிடலுக்காக அல்ல. மாற்றாமல் இருந்திருந்தால் சாரா ஊசி போடும் டாக்டராகவே நின்றிருப்பாள். பொருளை வைத்துப் போட்ட திட்டம் முறிந்ததால்தான் கதைக்குள் ஒரு மனுஷி முழுசாக வந்தாள். திரைக்கதையில் இதைவிட நேர்த்தியான ஒரு முடிச்சை நான் தொலைக்காட்சியில் அதிகம் பார்த்ததில்லை.

முதல் சீசன் 22 எபிசோடு. மதிலைத் தாண்டுவது 21-ஆவதில். தாண்டியவர்கள் எட்டுப் பேர். இங்கேதான் எங்கள் பேச்சு வேறு பக்கம் திரும்பியது, ஏனென்றால் அந்த எட்டில் டி-பேக் இருக்கிறான். குழந்தைகளைக் கெடுத்துக் கொன்றவன். ஒரு நிரபராதியை வெளியே கொண்டுவர ஒரு ஓட்டை போட்டால், அந்த ஓட்டை ஆள் பார்த்து விடாது. மைக்கேலின் மனசாட்சியை அடுத்த சீசன்கள் முழுக்க அரிப்பது இதுதான்.

2025 ஜூலை 25-ஆம் தேதி விடியற்காலை இந்தப் பேச்சு எங்களுக்குக் கதையாக இல்லாமல் போனது. கண்ணூர் மத்திய சிறையில் இருந்து ஒருவன் தப்பிவிட்டான் என்று செய்தி வந்தது. 2011-இல் ரயிலில் வந்த ஓர் இளம்பெண்ணைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவன். ஒரு கை இல்லாதவன். கம்பியை அறுத்திருக்கிறான், துணிகளை முடிந்து கயிறாக்கி மதிலைத் தாண்டியிருக்கிறான். மலையாளச் செய்திகள் எல்லாம் “ஜெயில் சாட்டம்” என்றன. மலையாளத்தில் சாடினால் குதிப்பது. குமரிப் பக்கத்துத் தமிழிலும் அப்படியே. ஆங்கிலத்தில் சிறையை உடைக்கிறான், மலையாளத்தில் சிறையைக் குதிக்கிறான், தமிழில் சிறையிலிருந்து தப்பிக்கிறான். எங்களுக்கு அன்றைக்கு மூன்று சொல்லும் பயமாகத்தான் இருந்தது. அவன் தமிழ்நாட்டுக்காரன், ஊர் திரும்ப எங்கள் வழியாக வந்தாலும் வரலாம் என்று பெண்களை வெளியே விடவில்லை. அன்று காலையிலேயே கண்ணூரிலேயே ஒரு கிணற்றுக்குள் பிடித்தார்கள். பேக்கரியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கம்பி, துணிக் கயிறு, மதில், வாரக்கணக்கான பொறுமை. கருவிகள் எல்லாம் நாங்கள் மைக்கேலிடம் பார்த்து வியந்தவைதான். தொடரைப் பார்க்கும்போது சுவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வேண்டினோம். அன்றைக்குச் சுவர் நின்றிருக்கக் கூடாதா என்று வேண்டினோம். முதல் சீசன் எங்களை மயக்கியது திறமையைக் காட்டியல்ல, அண்ணன் நிரபராதி என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டதால்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஒரு கம்பி அறுப்பவன்.

சட்டம் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. காவலில் இருந்து தப்புவதே நம் நாட்டில் தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 224-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 262. 2 ஆண்டு வரை சிறை. ஜெர்மனியில் கைதி தானாகத் தப்பினால் தப்பியதற்கென்று தண்டனை இல்லை, தப்ப உதவியவருக்குத்தான் தண்டனை. பங்காளி இதைச் சொன்னபோது அக்கா உடனே, “அப்படின்னா அங்க லிங்கனுக்கு ஒண்ணுமில்ல, சாராவுக்குத்தான் ஜெயிலு” என்றாள்.

சாராவை வைத்தே தொடர் எங்களை இழந்தது.

சுவரைத் தாண்டிய பிறகு இரண்டாவது சீசன் துரத்தல். மஹோன் என்கிற அதிகாரி மைக்கேலைப் போலவே யோசிக்கிறவன் என்பதால் அது தாக்குப்பிடித்தது. மூன்றாவதில் பனாமாவில் சோனா என்ற இன்னொரு சிறை. மறுபடி சுவர், ஆனால் இம்முறை வரைபடம் இல்லை. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் அது 13 எபிசோடோடு நின்றது. சாராவாக நடித்தவர் அந்த சீசனுக்கு ஒப்பந்தமாகவில்லை. கதையில் அதற்கு என்ன செய்தார்கள் என்றால், ஒரு பெட்டிக்குள் அவள் தலை என்று காட்டினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். நான்காவது சீசனில் அது அவள் தலை இல்லை என்று சொல்லி அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அவள் திரும்பி வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அன்றோடு எங்கள் பேச்சின் குணம் மாறிவிட்டது. துரிசு இரும்பை அரிக்குமா என்று கேட்டால் வாளியை எடுத்துவந்து பார்க்கலாம். பெட்டிக்குள் இருந்த தலை அவளுடையதா என்று கேட்டால், பதில் எழுதுகிறவர் வாயில் இருக்கிறது. அதற்கு நம் தோப்பும் பட்டறையும் உதவாது. ‘எப்படித் தப்புவார்கள்’ என்று கேட்டவர்கள் ‘ஏன் இப்படிச் செய்தார்கள்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதல் கேள்வியில் ஊரே சேர்ந்து உட்காரலாம். இரண்டாவது கேள்வியில் இரண்டு பேர் உட்கார்ந்து அலுத்துக்கொள்ளலாம். சித்தப்பா நான்காவது சீசன் பார்க்கவே இல்லை. கொத்தனார் மாமா பாதியில் எழுந்துவிட்டார்.

2009-இல் மைக்கேலின் கல்லறையைக் காட்டி முடித்தார்கள். சாராவைச் சிறையில் இருந்து வெளியே கொண்டுவர அவன் உயிரைக் கொடுக்கிறான். அவள் ஒருநாள் பூட்டாமல் விட்ட கதவுக்கு அவன் கட்டிய கடன் அது. நான் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், அதோடு என் மனசு நிறைந்தது. 2017-இல் 9 எபிசோடு எடுத்து, அவன் சாகவில்லை, ஏமனில் ஒரு சிறையில் இருக்கிறான் என்றார்கள். குழாயைப் புதிதாக மாற்றியபோது வலித்தது, ஆனால் அந்த வலிக்கு ஒரு பொருள் இருந்தது. கல்லறையை மாற்றியபோது பொருள் ஏதும் எனக்குக் கிடைக்கவில்லை. மைக்கேலாக நடித்த வென்ட்வொர்த் மில்லர் 2020-இல் இனி அந்த வேடம் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அதைக் கேட்டு வருத்தப்பட்டவர் யாரும் என் நினைவில் இல்லை.

ஆனாலும் முதல் சீசன் மட்டும் எங்கள் ஊரில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் கொத்தனார் மாமாவின் பேரன், ஐடிஐயில் பிட்டர் படிக்கிறவன், போனில் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாவது எபிசோடாம். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

“துரிசு ஊத்திட்டானா?” என்று கேட்டார்.

“ஊத்திட்டான் அப்பிச்சி. இரும்புல துரிசு பட்டா அரிச்சுரும். காலேஜ்ல சொல்லியிருக்காங்க. இனி கொழாய் தானா ஒடஞ்சுரும், அவ்வளவுதான்.”

மாமா வாயைத் திறந்தார். நான் மேஜைக்குக் கீழே அவர் காலை மெல்ல மிதித்தேன்.

“ஆமா கண்ணு” என்றார். “ஒடஞ்சுரும்.”